உங்க வீட்டு ஐ.டி. டிபார்ட்மென்ட் நீங்கதான் பாஸ்!



ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டிலோ, அப்பா கடையிலோ இருக்கிற கம்ப்யூட்டர் நாளைக் காலையில் மக்கர் பண்ணினால், முதல் போன் யாருக்குப் போகும்? சர்வீஸ் இன்ஜினீயருக்கா? சான்ஸே இல்லை. உங்களுக்குத்தான்! நீங்கள் பி.ஏ. வரலாறு படித்தாலும் சரி, பி.எஸ்சி. விலங்கியல் படித்தாலும் சரி... "நம்ம புள்ள காலேஜ் படிக்குதுல்ல, அதுக்கு எல்லாம் தெரியும்" என்று வீட்டில் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கிடையாது. ஆனால் வேலை பெர்மனென்ட்!

நானும் அப்படி ஒரு டிபார்ட்மென்ட்டாக இருந்தவன்தான். என் லட்சணம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் அட்வைஸுக்கு வருவோம்.

ஒரு தீபாவளி லீவு

அப்பா வைத்திருப்பது ஹார்டுவேர் கடை. பைப், பெயின்ட், ஆணி, பூட்டு என்று எல்லாம் கிடைக்கும். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். பில் போடுவது, ஸ்டாக் பார்ப்பது, ஜி.எஸ்.டி. கணக்கு என்று எல்லாமே அதில்தான். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இன்னும் எதுக்குப்பா அந்த சிவப்பு நோட்டு?" என்று அப்பாவைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பேன். மேஸ்திரி, பிளம்பர் எல்லாம் கடனுக்குச் சரக்கு எடுத்துப் போவார்கள் இல்லையா? அதை ராத்திரி கடை சாத்தும் முன்னால் ஒரு பைண்டு நோட்டில் எழுதி வைப்பது அப்பாவின் பழக்கம். "இருக்கட்டும்டா, கை பழகிப்போச்சு" என்பார்.

2019 தீபாவளி லீவு. ஃபைனல் இயர் கல்ச்சுரல்ஸுக்கு ஒரு வீடியோ எடிட் பண்ண வேண்டியிருந்தது. என் லேப்டாப்போ வயசான கேஸ். கடை கம்ப்யூட்டர் கொஞ்சம் புதுசு. எடிட்டிங் சாஃப்ட்வேரின் கிராக் வெர்ஷன் ஒன்றைத் தேடிப் பிடித்து இறக்கினேன். கூடவே ஒரு குறிப்பு... 'இன்ஸ்டால் பண்ணும்போது ஆன்ட்டி வைரஸை ஆஃப் செய்யவும்'. திருடன் வந்து, "சார், நாயைக் கொஞ்சம் கட்டிப் போடுங்க" என்று கேட்கிற மாதிரி இருக்கிறதா? இன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. சமத்தாக ஆஃப் பண்ணினேன். சாஃப்ட்வேரும் ஓடவில்லை. சரி போகட்டும் என்று கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு ராத்திரி பஸ் ஏறிவிட்டேன்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்பாவிடமிருந்து போன். "தம்பி, கணக்கு தொறக்க மாட்டேங்குதுப்பா. எல்லா ஃபைல் பேருக்கும் பின்னாடி ஏதோ வால் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் வேற இருக்கு. பணம் கேக்குறான் போல."

980 டாலர். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி விலையாம்! ஆடித் தள்ளுபடி ரேஞ்சுக்கு ஆஃபர். ரான்சம்வேர் என்று இதற்குப் பெயர். உங்கள் ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்கு விலை பேசுகிற வைரஸ். அந்தக் காலகட்டத்தில் இந்த ரகம், என்னை மாதிரி கிராக் தேடுகிற 'புத்திசாலி'களைக் குறிவைத்தே பரவிக்கொண்டிருந்தது.

"பேக்கப் இருக்குப்பா, பயப்படாதீங்க" என்றேன். இருந்தது. எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றை நான்தான் வாங்கி, சி.பி.யு. பின்னாடி சொருகி வைத்திருந்தேன். வருஷம் முழுக்கச் சொருகியபடியே இருந்தது. வைரஸ் அதையும் விட்டு வைக்கவில்லை. வாசல் கதவையும் பீரோவையும் ஒரே சாவியில் பூட்டி வைத்தால் திருடனுக்கு வேலை மிச்சம்தானே?

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை பாஸ். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "பணம் கட்டினா நிச்சயம் கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். "நிச்சயம் சொல்ல முடியாதுப்பா" என்றேன். "அப்ப வேணாம் விடு" என்றவர், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "வெளிய நிக்கிற கடன் எல்லாம் நோட்டுல இருக்குல்ல. அது போதும்."

சிவப்பு நோட்டு! நான் கிண்டல் பண்ணிய அதே நோட்டு. ஆடிட்டர் ஆபீஸில் மார்ச் மாதம் வரைக்குமான கணக்கு இருந்தது. தாக்கல் செய்த ஜி.எஸ்.டி. விவரம் போர்ட்டலில் இருந்தது. மிச்சத்தை பில் புக்கையும் நோட்டையும் வைத்து, நானும் தங்கச்சியும் ஒவ்வொரு சனி, ஞாயிறும் உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். ரெண்டு மாசம் ஆனது. ஆனால் அதே கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்த தங்கச்சி சடங்கு போட்டோக்கள்... அதுக்கு எந்த நோட்டும் இல்லை. அம்மா இன்னமும் எப்பவாவது கேட்பார், "அந்த போட்டோ ஏதாவது வழியில வருமாடா?" என்று. என்ன பதில் சொல்ல?

அதனால்தான் சொல்கிறேன். கம்ப்யூட்டரைக் காப்பாற்றுவது என்றால் அந்த டப்பாவைக் காப்பாற்றுவது இல்லை. டப்பா கடையில் கிடைக்கும். உள்ளே இருப்பது எந்தக் கடையிலும் கிடைக்காது. முதல் வேலை: இன்னொரு காப்பி. அதுவும், கழற்றி வைத்த காப்பி!

கரன்ட் கட்டுக்கு ஒரு தேங்க்ஸ்

'நமக்குத்தான் இப்படி, பெரிய கம்பெனிங்க எல்லாம் உஷாரா இருப்பாங்க' என்று நினைக்கிறீர்களா? மெர்ஸ்க் கதையைக் கேளுங்கள். டென்மார்க்கைச் சேர்ந்த, உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்று. 2017 ஜூன் 27-ம் தேதி 'நாட்பெட்யா' என்ற வைரஸ் அதைத் தாக்கியது. உள்ளே நுழைந்த வழி எது தெரியுமா? உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட்! அதுதான் வைரஸின் வாகனம். பார்ப்பதற்கு ரான்சம்வேர் மாதிரி பணம் கேட்டது. ஆனால் உண்மையில் அழிப்பது மட்டும்தான் அதன் வேலை. பணம் கொடுத்தாலும் எதுவும் திரும்பி வராது.

அந்தக் கம்பெனி நெட்வொர்க்கில் யார் யார், யாருக்கு என்ன அனுமதி என்று மொத்த ஜாதகத்தையும் வைத்திருக்கிற சர்வர்கள் உலகம் முழுக்க இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்பது திட்டம். ஆனால் எல்லாமே ஒன்றோடு ஒன்று இணைந்திருந்ததால், எல்லாம் ஒரே நேரத்தில் காலி! தேடித் தேடிப் பார்த்ததில், ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒரே ஒரு சர்வர் மட்டும் உயிரோடு இருந்தது. காரணம்? வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரன்ட் கட்! நெட்வொர்க்கில் இல்லாததால் தப்பித்துவிட்டது. கானாவிலிருந்து ஒருவர் நைஜீரியா போய் அதன் காப்பியை இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டு போனார். பிறகு பத்தே நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் புதிதாக அமைத்ததாக அந்தக் கம்பெனியின் தலைவரே அடுத்த வருடம் சொன்னார். நஷ்டம் 25 கோடியிலிருந்து 30 கோடி டாலர் வரை.

கரன்ட் கட்டை வாழ்த்திய ஒரே கம்பெனி அதுவாகத்தான் இருக்கும். நாம் மின்வாரியத்தை நம்ப வேண்டாம். ஹார்டு டிஸ்க்கை நம் கையாலேயே கழற்றி வைப்போம்!

மூணு - ரெண்டு - ஒண்ணு

இதுதான் உலகம் முழுக்கச் சொல்கிற ஃபார்முலா. முக்கியமான எதுவும் 3 காப்பி இருக்க வேண்டும். அது 2 வெவ்வேறு சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் 1 வேறு இடத்தில் இருக்க வேண்டும். கடையில் தீப்பிடித்தாலோ, மழைத் தண்ணீர் புகுந்தாலோ, பக்கத்தில் இருக்கிற காப்பியும் சேர்ந்துதானே போகும்?

எங்கள் கடையில் இப்போது நடப்பது இதுதான். இரண்டு எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க். ஒன்றில் 'அ' என்றும் இன்னொன்றில் 'ஆ' என்றும் ஸ்டிக்கர். சனிக்கிழமை கடை சாத்தும் முன், கணக்கு சாஃப்ட்வேரிலேயே இருக்கிற பேக்கப் வசதியில் ஒரு காப்பி எடுத்து, அன்றைய தேதியைப் பெயராக வைத்து டிஸ்க்கில் போடுவது. பிறகு கழற்றி வீட்டு பீரோவில் வைப்பது. இந்த வாரம் 'அ' என்றால் அடுத்த வாரம் 'ஆ'. ஒரு வாரம் சொதப்பினாலும் முந்தைய வாரத்தது கையில் இருக்கும். மொத்தமே பத்து நிமிஷ வேலை.

"நான் கூகுள் டிரைவ்ல போட்டு வெச்சிருக்கேனே?" என்பீர்கள். நல்லது, அதுவும் வேண்டும். ஆனால் ஒரு விஷயம். கம்ப்யூட்டரில் இருக்கிற ஃபோல்டர் தானாகவே கிளவுடில் போய் உட்காருகிறதே, அதற்குப் பெயர் சிங்க். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே பூட்டப்பட்டால், பூட்டிய ஃபைல் அங்கேயும் போய்ச் சேரும். பழைய வெர்ஷனைக் கொஞ்ச நாள் வரை திரும்ப எடுக்க முடியும் என்றாலும், அதை மட்டுமே நம்பி இருக்காதீர்கள்.

எடுத்தால் போதாது, திறந்து பார்க்கணும்

'டாய் ஸ்டோரி 2' பார்த்திருக்கிறீர்களா? 1999-ல் வந்த படம். அதற்கு முந்தைய வருடம், தயாரிப்பு நடந்துகொண்டிருந்தபோது பிக்ஸார் ஸ்டூடியோவில் யாரோ தவறுதலாக ஒரு கட்டளையைத் தட்டிவிட்டார்கள். 'எல்லாவற்றையும் அழி' என்கிற கட்டளை! கண்ணெதிரே கேரக்டர்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. படத்தில் சுமார் 90 சதவிகிதம் காலி. "கவலை வேண்டாம், பேக்கப் இருக்கு" என்று திறந்து பார்த்தால்... பேக்கப் சரியாக வேலை செய்யவே இல்லை! யாரும் அதுவரை சோதித்துப் பார்க்கவும் இல்லை.

படத்தைக் காப்பாற்றியது ஒரு பச்சைக் குழந்தை! டெக்னிக்கல் குழுவில் இருந்த கேலின் சஸ்மன் என்ற பெண்மணிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அதனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க, படத்தின் காப்பியை வீட்டு கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்த கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, குலுங்காமல் ஸ்டூடியோவுக்குக் கொண்டு வந்தார்கள். 3-2-1 ஃபார்முலாவில் அந்தக் கடைசி 'ஒண்ணு' எதற்கு என்று இப்போது புரிகிறதா?

ஆக, மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஏதாவது நாலு ஃபைலை வேறு ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். இல்லாவிட்டால் வெறும் நம்பிக்கை!

வாசல் கதவையும் சாத்துவோம்

காப்பி ரெடி. இனி திருடன் வராமல் பார்ப்போம்.

அப்டேட்: 'ரிமைண்ட் மீ லேட்டர்' பட்டனைத் தட்டித் தட்டித் தேய்த்தவர்களா நீங்கள்? 2017 மே 12-ல் உலகையே உலுக்கிய 'வான்னாக்ரை' ரான்சம்வேர் ஞாபகம் இருக்கலாம். இங்கிலாந்தின் அரசு ஆஸ்பத்திரிகளில்கூட வேலை ஸ்தம்பித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் எப்போது கொடுத்தது தெரியுமா? மார்ச் 14-ம் தேதி. இரண்டு மாதம் முன்னாலேயே! போட்டவர்கள் தப்பித்தார்கள். 'லேட்டர்' என்றவர்கள் மாட்டினார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான இலவச அப்டேட் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் எது ஓடுகிறது என்று இன்றே பாருங்கள். புது விண்டோஸைத் தாங்காத பழைய மெஷின் என்றால் லினக்ஸ் போடலாம். இலவசம்தான்.

கிராக்: கதையைச் சொல்லிவிட்டேன், அதுவே போதும். ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ், போட்டோவுக்கு கிம்ப், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவச வெர்ஷன் என்று நல்லவை சும்மாவே கிடைக்கின்றன. அதோடு, விண்டோஸ் 8 காலத்திலிருந்தே டிஃபெண்டர் என்ற ஆன்ட்டி வைரஸ் கூடவே வருகிறது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அது போதும். என்னை மாதிரி ஆஃப் பண்ணாமல் இருந்தால்!

தனி அக்கவுன்ட்: பில் போட அட்மின் அதிகாரம் எதற்கு? அப்பாவுக்கும் கடை அண்ணனுக்கும் சாதாரண யூசர் அக்கவுன்ட் ஒன்று. அட்மின் பாஸ்வேர்டு தனி. நீங்களும் அன்றாட வேலைக்கு சாதாரண அக்கவுன்ட்டிலேயே நுழையுங்கள். தெரியாமல் எதையாவது கிளிக் செய்தாலும் பாதிப்பு குறையும்.

பென் டிரைவ்: ஜெராக்ஸ் கடையில் புராஜெக்ட் பிரின்ட் எடுத்துவிட்டு வந்து சொருகினால், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும் அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? பி.டி.எஃப். ஆக்கி மெயிலில் அனுப்பிவிடுங்கள். ஊர் சுற்றிய பென் டிரைவைக் கணக்கு கம்ப்யூட்டரில் சொருகவே வேண்டாம்.

போன் கால்: "சார், உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, நான் சொல்ற ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க" என்று யாராவது கூப்பிட்டால் கட் பண்ணச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். உங்கள் ஸ்க்ரீனை அவன் கைக்குக் கொண்டு போகிற வேலை அது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யணும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு நல்லது.

டப்பாவுக்கும் கொஞ்சம் மரியாதை

சி.பி.யு.வைத் தரையில் வைக்காதீர்கள். பெருக்குகிற தூசி எல்லாம் அதற்குள்தான் போகும். ஃபேன் அடைத்துக்கொண்டால் சூடு, சூடானால் மந்தம், அப்புறம் தானாகவே ஆஃப். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கரன்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து தூசியை ஊதி எடுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போய் வெறும் அலங்காரமாக நிற்கிறதா என்று பாருங்கள். கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது பொசுக்கென்று கரன்ட் போனால் ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. ஹார்டு டிஸ்க்கில் 'டிக்... டிக்...' என்று புதுச் சத்தம் கேட்டால், அன்றைக்கே காப்பி எடுத்துவிடுங்கள். அது சொல்லிவிட்டுப் போகிறது என்று அர்த்தம்.

ஐயையோ, மாட்டிக்கிட்டேன் என்றால்?

பதற வேண்டாம். முதலில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை ஆஃப் செய்யுங்கள். பேக்கப் டிஸ்க்கை அவசரப்பட்டுச் சொருகாதீர்கள்! பூட்டிய ஃபைல்களை அழிக்காமல் ஒரு ஓரமாக எடுத்து வையுங்கள். 2016-ல் யூரோபோல், டச்சு போலீஸ், சில பாதுகாப்பு கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், பல ரகங்களுக்கு இலவச சாவி கிடைக்கிறது. எங்கள் கடையைப் பூட்டிய ரகத்தின் பழைய வகைகளுக்குக்கூட இலவச சாவி வந்தது. எங்களுக்கு வந்தது புது வகை, அதனால் செட் ஆகவில்லை. உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம். பிறகு வேறு ஒரு சுத்தமான கம்ப்யூட்டரிலோ போனிலோ உட்கார்ந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றுங்கள். பூட்டுகிறவன் போகிற போக்கில் பாஸ்வேர்டையும் அள்ளிக்கொண்டு போவது உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஒரு அசைன்மென்ட். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருங்கள். 'இதில் எது போனால் திரும்ப வாங்க முடியாது?' என்று அப்பா, அம்மாவிடமே கேளுங்கள். அவர்கள் சொல்கிற பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும். அதை ஒரு காப்பி எடுங்கள், கழற்றுங்கள், பீரோவில் வையுங்கள். எப்படி எடுப்பது என்று பெரிய எழுத்தில், தமிழில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். நீங்கள் ஹாஸ்டலில் இருக்கும்போது டிபார்ட்மென்ட் ஓட வேண்டாமா?

எங்கள் கடையிலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி அப்பாவே டிஸ்க்கைச் சொருகி, காப்பி எடுத்து, கழற்றி, பையில் போட்டுக்கொள்கிறார். அப்புறம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்பு நோட்டை எடுத்து எழுதுகிறார்.

நான் இப்போது கிண்டல் பண்ணுவதில்லை. நோட்டு தீர்ந்து போனால், புதுசு வாங்கிக் கொடுப்பது நான்தான்!

அடுத்த வாரம் பார்ப்போமா... பை!